புருஷனோடு வந்தால் முதல் வரிசை

தான்சானியாவின் முவான்சா நகரக் கிளினிக்கில், புருஷனோடு வரும் கர்ப்பிணிகளுக்குத்தான் முதலில் பரிசோதனை.

"மலேரியா மாத்திரை எப்போ?" நர்ஸ் கேட்டாள்.

கபுலாவின் பக்கத்தில் நின்ற மசாஞ்சா, "மாசம் ஒருதடவை சிஸ்டர். உங்க கண்ணு முன்னாடியே முழுங்கணும்" என்றான்.

"கொசுவலை?"

"தினமும் நானே கட்டிவிடுறேன்."

நர்ஸ் வரிசையைப் பார்த்து முழங்கினாள்: "பார்த்துக்கோங்கடி, புருஷன்னா இவன்தான் புருஷன்!"

வெளியே வந்ததும் கபுலா, பைக் டாக்ஸி வாடகையோடு புருஷன் வாடகையையும் சேர்த்து நீட்டினாள்.

"என் வீட்டுக்காரருக்கே இதெல்லாம் தெரியாது. உனக்கு எப்படித் தம்பி?"

"தினம் ஒரு கிளினிக் போறேன்ல. இந்த வாரம் நீங்க நாலாவது பொண்டாட்டி அக்கா."

"உன் சொந்தப் பொண்டாட்டி குடுத்து வச்சவ!"

"அவளுக்கு ஏழு மாசம். நமக்கு எங்கே நேரம்? வேற பைக் டாக்ஸிக்காரனைத்தான் புருஷனா அனுப்பியிருக்கேன்."