மானுக்குப் பின்னால் இரண்டு பேர்

"கார்ட் ஒண்டும் வேண்டாம், பிள்ளை. பதிவுக் கந்தோரில கையெழுத்து வைச்சிட்டுச் சத்தமில்லாமல் வந்திடுவம்."

நிரோஜினியின் கணினித் திரையில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேதான் இராசமலர் இதைச் சொன்னார்.

நிரோஜினி கலியாணக் கார்ட் வடிவமைக்கத் தொடங்கி நாலைந்து வருடமாகிறது. தன் படம் மெலிவாக வரவேண்டும் என்று அடம்பிடித்த மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். பொன் நிறம் இன்னும் மினுங்க வேண்டும் என்று மூக்கால் அழுத மாமிமாரையும் சமாளித்திருக்கிறாள். கார்டே வேண்டாம் என்று நின்ற மணப்பெண் இவர் ஒருவர்தான்.

அதுவும் ஐம்பதைத் தாண்டிய மணப்பெண்.

முதல் மாதிரியில் வழக்கம்போல 'கனிஷ்ட புத்திரி, திருநிறைச்செல்வி' என்று போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு இராசமலர் இரண்டு நாள் கணினி இருந்த அறைப் பக்கமே வரவில்லை. வெட்கமா கோபமா என்று கடைசிவரை தெரியவில்லை.

மாப்பிள்ளை கனகசுந்தரம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். இவ்வளவு காலமும் ஒண்டிக்கட்டை. எத்தனையோ பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரையில் சேர்த்த மனிதர், கணவனை இழந்த இராசமலரிடம் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டார். துறைமுகப் பக்கம் ஏதாவது படகு ஊதினால் இராசமலரின் தலை இப்போதும் தானாகவே ஜன்னல் பக்கம் திரும்புகிறது.

சிக்கல் மாப்பிள்ளையால் வரவில்லை. இராசமலரின் தமையனால் வந்தது.

எந்தக் கார்டிலும் அழைப்பவர் என்று ஒரு பெயர் வேண்டும். பெற்றவர்கள் அழைப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்கள். கூடப்பிறந்தவர் என்று இராசமலருக்கு இருப்பது அன்புவழிபுரத்தில் அந்த ஒரு தமையன்தான். இந்த வயதில் இவளுக்கு என்ன கலியாணம், என் பெயரைப் போட்டால் கார்டை நடுவீதியில் வைத்துக் கொளுத்துவேன் என்று நேற்றுப் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டார். மாப்பிள்ளை பக்கமும் ஒருவரும் மிச்சமில்லை.

சனத்தைப் பற்றித் தெரியாதா? கார்ட் கையில் கிடைத்ததும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்கள். அது வெறுமையாக இருந்தால் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அழைக்க ஆளில்லாத கலியாணத்துக்கு எதற்குக் கார்ட் என்று கேட்டுவிட்டு, இராசமலர் தூசியில்லாத திரையை மறுபடியும் துடைத்தார்.

நிரோஜினிக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுசி களவெடுத்தவர்போல ஒளித்துப்போய்க் கையெழுத்து வைப்பதா? அச்சகத்துக்கு இன்றைக்கே அனுப்பினால்தான் கார்ட் நேரத்துக்கு வரும்.

அவள் புதிய மாதிரியைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பொன் நிறம் இல்லை, குத்துவிளக்கு இல்லை. கையால் வரைந்த ஒரு படம். நகரத்துக் கடற்கரை. ஒரு புள்ளிமான் கச்சான் கடலை சுற்றிய காகிதச் சரைக்குள் மூஞ்சியை விட்டிருக்கிறது. ஒரு ஆண் சரையைக் காப்பாற்றப் பார்க்கிறார். பக்கத்தில் குடை பிடித்திருக்கும் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறார். குடையில் ஒரு கம்பி உடைந்து தொங்குகிறது.

இராசமலர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நீ எங்க கண்டனீ?"

நிரோஜினி பழைய புகைப்படம் ஒன்றைத் திறந்து காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னர், பயணச் சஞ்சிகை ஒன்று திருகோணமலை மான்களைப் படம் எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டிருந்தது. மணலில் குப்புறப் படுத்துக்கிடந்து எடுத்தாள். படமெடுக்கும்போது கண்ணில் பட்டது மான் மட்டும்தான். கணினியில் போட்டுப் பெரிதாக்கியபோதுதான் மானுக்குப் பின்னால், மங்கலாக, இரண்டு பேரைக் கண்டாள். முகம் தெளிவில்லாவிட்டாலும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது; கம்பி உடைந்த அந்தக் குடையை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சஞ்சிகைக்கு மானை மட்டும் வெட்டி அனுப்பினாள். மற்ற இரண்டு பேரையும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் காளி கோயிலுக்கென்று போய்ச் செருப்பு நிறைய மணலோடு திரும்பியவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயந்தாள். அந்த மனுசி அப்படிச் சிரித்து அவள் அதற்கு முன்னர் கண்டதே இல்லை.

இராசமலர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்ப உனக்கு எல்லாம் அப்பவே தெரியும்?"

"ஓம்."

நிரோஜினி மறுபடியும் கார்டுக்கு வந்தாள்.

அவள் செய்கிற எல்லாக் கார்டிலும் அவளுடைய பெயர் பின்பக்கத்து அடியில், தொலைபேசி எண்ணோடு சேர்ந்து, எறும்பளவில் கிடக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. சில அச்சகங்கள் அதையும் தூக்கிவிடும்.

இந்தக் கார்டின் பின்பக்கத்தில் அந்தப் பெயரை அவளே அழித்தாள். பிறகு முன்பக்கத்துக்கு வந்து, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் இரண்டு வரி அடித்தாள்.

இராசமலர் தலையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

'என் அம்மாவின் திருமணத்துக்கு உங்கள் எல்லோரையும் அழைக்கிறேன். கட்டாயம் வாருங்கள்.
அன்பு மகள், நிரோஜினி.'