கடைசி வாரத்துக் கோடு

புள்ளியியல் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், காய்ச்சல் சாவுகளைப் பற்றிப் பேசிப் பேசி டாக்டர் எழிலரசிக்கு அலுத்துப்போயிருந்தது. திரையில் ஒரு மலைக்கிராமத்தின் சாவுக் கணக்குக் கோடு வாராவாரம் ஏறிக்கொண்டே போய், கடைசி வாரத்தில் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"பிரமாதம் மேடம்! எப்படிக் கட்டுப்படுத்துனீங்க?" என்றார் செயலாளர் வரதராஜுலு. கூட்டம் கைதட்டியது. அவள் இதைப் பேசப்போகும் எந்த ஊரிலும் இந்த இடத்தில்தான் தட்டுவார்கள். ஓயட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"அங்க வீடு வீடாப் போய் விசாரிச்சு, வெள்ளிக்கிழமையானா எங்களுக்குப் போன்ல கணக்குச் சொல்றது நர்ஸ் பவுனம்மா ஒருத்திதாங்க. அந்த வெள்ளிக்கிழமை போன் வரல. ஆபீஸ்ல பூஜ்யம்னு போட்டுட்டாங்க."

"ஏன், லீவா?"

"பவுனம்மா செத்ததச் சொல்றதுக்குப் பவுனம்மா இல்லையே சார்."