பெட்டிக்கு முளைத்த வால்

டிவிக்குக் கீழே மாலை வெயில் விழும் இடத்தில், அவன் தானே அறுத்து இழைத்த மரப்பெட்டி மினுங்குகிறது. மனைவியை நித்தமும் தடுக்கிவிட்ட வயர்களெல்லாம் எக்ஸ்டென்ஷன் போர்டோடு அதற்குள் அடக்கம். கையில் ட்ரில்லும் மீசையில் மரத்தூளுமாக, மூடியின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு நிமிர்கிறான். "இனிமே ஒரு வயரு வெளிய தெரிஞ்சா, என் பேரை மாத்திக்கறேன்." அவள் மூடியைத் தடவிப் பார்க்கிறாள், வழவழவென்றுதான் இருக்கிறது. சட்டென்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். "பெட்டி பிரமாதங்க. இந்த வால் எப்ப முளைச்சுது?" மூடியின் இடுக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் புறப்பட்டு, தரையில் நெளிந்து, அவன் கையிலுள்ள ட்ரில்லிலேயே வந்து முடிகிறது. அதன் ப்ளக், உள்ளே போர்டில் மாட்டியபடியே இருக்கிறது. அசட்டுச் சிரிப்போடு குந்தி, அதே ட்ரில்லைத் திருப்பிச் சுழலவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றுகிறான். அந்தக் கிர்ர் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கிறது: "புதுப் பேரு என்ன வைக்கலாம்?"