ஒரு சந்தேகமும் கேட்காதவர்

"நல்லாப் பாருங்கம்மா, ஒரு தடவையாவது உதவின்னு கேட்கிறாரா?"

டி.வி.யில், கம்ப்யூட்டரைப் புது ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தபோது எடுத்த பழைய வீடியோ டேப் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்த படம். உயரமான முதுகு வைத்த நாற்காலி, அதற்கு மேலே ஒருவரின் பின்னந்தலை, எதிரே கம்ப்யூட்டர்.

மவுஸ்காரர் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டார். நாட்டிலேயே முதலில் மவுஸ் வைத்த கம்ப்யூட்டரைச் செய்தவர் என்பதால் வந்த பட்டப்பெயர். விசிட்டிங் கார்டில் அவரே அச்சடித்துக்கொண்டதால் நிலைத்த பெயர். மியூசியம் வாசலில் 'முதல் எளிய கம்ப்யூட்டர்' என்று எதை வைப்பது? முடிவு செய்யவேண்டியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கட்டளைகளை டைப் அடிக்கும் மெஷினைச் செய்த போட்டிக்காரர், போன வாரமே வந்து வத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"அவன் மெஷினா? கறுப்புத் திரை. மூலையில ஒரு கோடு கண்ணடிச்சுக்கிட்டே நிக்கும். அதுகிட்ட என்னத்தைப் பேசறது? ஒரு எழுத்து தப்பா அடிச்சா மாமியார் மாதிரி முறைக்கும். சோதனைக்கு உட்கார்ந்தவங்க நிமிஷத்துக்கு ஒரு தரம் 'சார், சார்'னு கத்தினாங்க."

"உங்க மெஷின்ல?"

"எல்லாமே படம். காட்டு, அமுக்கு, முடிஞ்சுது. பாருங்க, மூச்சு விடறாரா?"

டேப்பில் மின்விசிறி சுற்றியது. மேஜைமேல் காகிதங்கள் படபடத்தன. அவருடைய உச்சியில் நாலு முடிகள் எழும்பி எழும்பி விழுந்தன. அவர் அசையவில்லை.

"திரையிலயும் எதுவும் மாறலையே சார்?"

"யோசிக்கிறார்மா! மனுஷனை யோசிக்க விடற மெஷின் உலகத்துல எத்தனை இருக்கு?"

"யாரும் உள்ளே போய்ப் பார்க்கலையா?"

"மூச்! அவங்களாக் கூப்பிடாம நாம கண்ணாடியைத் தாண்டக் கூடாது. நானே போட்ட விதி."

"எவ்வளவு நேரம்?"

"டேப் தீர்ற வரைக்கும். ஒன்றரை மணி நேரம்! அந்த ரிப்போர்ட்டோட அப்படியே ஏர்போர்ட்டுக்கு ஓடினேன். வெளிநாட்டு மாநாட்டுல கைதட்டல் அடங்கவே இல்லை."

"திரும்பி வந்து அவரை விசாரிச்சீங்களா?"

"எங்கே? மூணு மாசம் கழிச்சு வந்தேன். வந்ததும் பதவி உயர்வு, பாராட்டு விழா... பேர்கூடத் தெரியாது. ரிப்போர்ட்ல 'பயனாளர் பதினேழு'."

அவள் டேப்பை நிறுத்தவில்லை. அந்தப் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல உங்க மெஷினைத்தான் வைக்கப்போறோம் சார். பக்கத்துலயே இந்த டேப்பும் ஓடும்."

மவுஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "அடடே! கீழே ரெண்டு வரி எழுதுவீங்கள்ல? என்ன எழுதப்போறீங்க?"

"முதல் வரியில எங்க அப்பா பேரு" என்றாள். "ரெண்டாவது வரியில, உட்கார்ந்த பத்தாவது நிமிஷமே உயிர் போயிருக்கும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தது."