ஒப்பந்த நகல்

விழுப்புரம் தொழிலாளர் அலுவலகத்தில் பத்து மணிக்கு விசாரணை. திண்டிவனத்தில் புறப்படுமுன்பே லூர்துநாதன் மூன்று முறை சட்டையை மாற்றிவிட்டார்.

“பொண்ணு பாக்கவா போறீங்க? ஏன் இப்படிப் பேஜாராயிக்கினு கீறீங்க?” என்று சிரித்தாள் மனைவி ஜெசிந்தா.

“வேலையே போயிட்டா இன்னா பண்றது, ஜெசி?”

“ஒப்பந்தத்துல ஒரு மாச நோட்டீஸ்னு இருந்துச்சா, இல்லியா?”

“இருந்துச்சு.”

“நோட்டீஸ் குடுத்தாங்களா?”

“இல்ல. திடீர்னு கேட்டுலயே நிறுத்திட்டாங்க.”

“ஒப்பந்தக் காப்பியாவது குடுத்தாங்களா?”

“அதுவும் குடுக்கல.”

“அதை அப்படியே சொல்லுங்க.”

விக்கிரவாண்டியில் அவள் வாங்கித் தந்த தேநீரை அவர் பாதிகூடப் பருகவில்லை.

அலுவலகத்தில் அதிகாரி கோப்பைப் பிரித்தார். “தையல் கம்பெனியில நிறுத்தப்பட்ட பதினாலு பேர் சார்பா யாரு?”

ஜெசிந்தா எழுந்தாள்.

“கம்பெனி சார்பா?”

வழக்கறிஞர் எழுந்தார். அவர் அருகே, அந்நிறுவனத்தின் எழுத்தராகிய லூர்துநாதனும் எழுந்தார்.

“நீங்கதானே கிளார்க்கு? ஒப்பந்தக் காப்பியை இவங்ககிட்டக் குடுத்தீங்களா?”

வழக்கறிஞர், “குடுத்தோம்னு சொல்லுய்யா” என்று முணுமுணுத்து முழங்கையால் இடித்தார். லூர்துநாதன் எதிரே நோக்கினார். ஜெசிந்தா தலை நிமிரவில்லை.

“குடுக்கலீங்க, சார். குடுக்கக்கூடாதுன்னு முதலாளி சொன்னாரு. பதினாலும் ஆபீஸ் பீரோவுலதான் கீது.”

வழக்கறிஞர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே விரைந்தார். “முதலாளி, உங்க கிளார்க்கு கவுத்துட்டான்” என்னும் குரல் உள்ளே கேட்டது.

ஜெசிந்தா மெல்லச் சொன்னாள்:

“சார், பதினாலு பேருன்னு எழுதினதைப் பதினஞ்சுன்னு மாத்திக்குங்க.”