நேர்ந்துவிட்ட சேவல்

"ஏளா செல்லத்தாய், கூண்டுக்குக் கொண்டி போட்டியா?"

"இப்பதான கேட்டீக? போட்டாச்சு. முதல்ல சோத்த உண்ணுங்க."

வீரபாகுவுக்குச் சோறு இறங்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து பின்வாசலுக்குப் போய், இடது கையால் கொண்டியை இழுத்துப் பார்த்தான். உள்ளே ஒற்றைச் செஞ்சேவல். கழுத்தைச் சாய்த்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குத் தரையைக் கொத்தியது.

"மனுசனுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்று முணுமுணுத்தாலும், செல்லத்தாய்க்கு உள்ளுக்குள் சந்தோஷம். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுசன், சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை இப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்கிறானே!

பாவம், அவளுடைய முத்து அந்தச் சேவலின் வயிற்றில் கிடப்பது அவளுக்குத் தெரியாது.

கடைசியாகத் தூத்துக்குடியில் முத்துக்குளித்த வருஷம், அவள் அப்பா ஏலத்தில் எடுத்த சிப்பியில் கிடைத்த முத்து அது. பட்டாணிப் பருமன். தாய்வீட்டுச் சொத்து என்று அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பதக்கத்தில் பதிக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால், முத்து மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை வீரபாகுவால் தாங்க முடியவில்லை.

துறைமுகத்துப் பக்கம் சங்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கும் விக்டர்தான் வழி சொன்னான். "ஒரு கோழிக்கு முழுங்கக் குடுத்து, உடனே அறுத்து எடுங்க அண்ணாச்சி. முத்து புதுசாட்டம் மினுங்கும்."

அவளுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்துப் போய், மினுங்க மினுங்கக் கையில் கொடுக்க ஆசைப்பட்டான். கிழட்டுப் பெட்டைக் கோழியின் முன்னால் முத்தை நீட்டினான். எங்கிருந்தோ இந்தச் சேவல் குறுக்கே பாய்ந்தது. ஒரே கொத்து, முத்து உள்ளே போய்விட்டது.

போயும் போயும் சாமிக்கு நேர்ந்த சேவல். மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் அதில் கத்தி வைக்க எவனுக்குத் துணிச்சல் உண்டு? அதுவும் கல்யாணத்தை வைத்துக்கொண்டு! அப்புறம் அவனே மனசைத் தேற்றிக்கொண்டான். கொஞ்ச நேரம் கிடந்தாலே மினுங்கும் என்றால், கொடை வரைக்கும் கிடந்தால் சொல்லவா வேண்டும்?

சேவலைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யுத்த காலம், கம்பி வலை கிடைக்கவில்லை. பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினான். கப்பல் பெட்டிப் பலகையை அறைந்தான். சுற்றிலும் உடைமுள் போட்டான். கீரியும் பெருச்சாளியும் அடியில் தோண்டி வரும் என்று, தரை முழுக்கக் கடற்பாறைக் கல்லைப் பதித்துச் சுண்ணாம்பு பூசினான்.

பக்கத்து வீட்டு இசக்கியப்பன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, இது கோழிக்கூண்டா, ஜெயிலா?"

"ஏலே, உன் வீட்டுக் கோழிய மரநாய் தூக்கிட்டுப் போச்சா, இல்லியா?"

"போச்சு."

"அப்ப வாய மூடிக்கிட்டுப் போ."

தன் பலசரக்குக் கடையில் உளுந்து கேட்டவர்களுக்குப் பயறு கட்டிக் கொடுத்தான். மத்தியானம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். காலையில் எழுந்ததும் குச்சியை வைத்துக்கொண்டு சேவலின் எச்சத்தைக் கிளறினான்.

"சீ, என்னத்தத் தேடுதீக அதுல?"

"வயிறு நல்லா இருக்கான்னு பாக்கேன். சாமி காரியம்லா?"

"அது கெடக்கட்டும். கொடை முடிஞ்ச மறுநாளே பெட்டியில இருக்க முத்தப் பதக்கத்துல பதிக்க ஆசாரிகிட்டக் குடுத்துரணும், மறந்துராதீக."

அவன் குச்சியைப் போட்டுவிட்டுக் கடைக்கு நழுவினான்.

ஒருநாள் விடியலில் வெளிவலை கிழிந்து தொங்கியது. பலகையெல்லாம் நகக்கீறல். கொண்டியைத் திறந்தான். செஞ்சேவல் சிறகடித்துக் கூவியது. சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருவழியாகக் கொடை வந்தது. சாமிக்கு அறுத்த சேவலை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

"தள்ளு, நான் சுத்தம் பண்ணுதேன்."

"ஆம்பளைக்கு இந்த வேலை என்னத்துக்கு? அங்கன உக்காருங்க."

அவன் அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செல்லத்தாய் இரைப்பையைப் பிளந்தாள். சரளைக் கல்லும் வெள்ளைப் பொடியுமாகக் கொட்டியது. வீரபாகு விரலை விட்டு அலசினான். மறுபடியும் அலசினான். முத்தைக் காணோம்.

"என்னளா இது, இம்புட்டுக் கல்லு?"

"நாந்தான் போட்டேன். தரையெல்லாம் பாறையப் பதிச்சிட்டீக. கொத்தித் தின்ன ஒரு பொடிக்கல்லு உண்டா அதுக்கு? தெனமும் ஒரு கை சரளும் கிளிஞ்சலும் அள்ளிப் போட்டேன்."

"அத எதுக்குத் திங்கணும்?"

"நல்லா கேட்டீக. கோழிக்குப் பல்லா இருக்கு? வயித்துக்குள்ள கெடக்குத கல்லுதான் தீனிய அரைக்கும். எதப் போட்டாலும் மாவாக்கிரும்லா!"

அவள் நகநுனியில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னன்னு பாருங்களேன், கடுகு கணக்கா. ஆனா எம்புட்டு அழகா மினுங்குது!"