எவாசியோவின் அவசரம்

"மூணு வருஷம் பொறுக்கத் தெரியாதவன் பரோலோ ஒயின் பண்ணக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தது யாரு மாமா? நீங்கதானே?"

தெல்ஃபினா கேட்டது எவாசியோவின் ஒயின் நிலவறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ரொட்டியும் சலாமியும் மென்றுகொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

எவாசியோ புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

முந்தின வருஷத்துத் திராட்சை அறுவடை மாதிரி நல்ல ஒன்றை அந்தக் குன்றுகள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஊரே அந்த ஒயினைப் பெரிய மரப்பீப்பாய்களில் தூங்க வைத்துவிட்டுக் காத்திருக்க, எவாசியோ மட்டும் தன்னுடையதை அதற்குள் புட்டியில் அடைத்துவிட்டார். பரோலோ என்ற பெரிய பேரும் இல்லை. வெறும் நெபியோலோ. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு யாரும் யோசிக்காமல் வாங்கிப் போகிற ஒயின்.

"கிழவருக்குக் கல்யாண ஆசை வந்திருக்கும். விருந்துக்கு மூணு வருஷம் தாங்குமா?" என்றான் ரொட்டிக்கடை ஓர்லாந்தோ.

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். தெல்ஃபினா சிரிக்கவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம், பரோலோ எல்லைக்கு வெளியே, அவளுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அப்பா வைத்த கொடிகள். அதே அறுவடையில், வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த ஒயின் ஆலைக்காரன் பறித்து முடித்த பிறகு கைவிரித்துவிட்டான். தரகர் பினின்தான் எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தார். எங்கே என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

"முதல்ல குடி. அப்புறம் திட்டு," என்று எவாசியோ ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு வாய்தான் குடித்தாள். அப்படியே நின்றாள்.

"மாமா, இது என்ன?"

"ஒயின்."

"உங்க ஒயின் இந்த வயசுல நாக்கைப் பிடிச்சு முறுக்குமே. இது..."

இன்னொரு வாய் குடித்தாள். மழை விட்டதும் ரோஜாச் செடிப் பக்கம் போனால் வருமே, அந்த வாசனை. அதன் பின்னால் செர்ரிப் பழத்தின் இளம்புளிப்பு. வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி இருந்தது.

ஓர்லாந்தோவும் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோயிலுக்குள் வந்தவன் போல மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"இப்படி ஒண்ணு குடிச்சதே இல்ல," என்றாள் தெல்ஃபினா. "நல்லதா போச்சு மாமா. எது ஒயின் மண்ணு, எது இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். என்னோடது இல்ல. அடுத்த வாரம் என் கொடியெல்லாம் பிடுங்கிட்டு ஹேசல்நட் கொட்டை மரம் நடப்போறேன்."

எவாசியோவின் கை நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த பினினைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தார்.

"சும்மா இரு எவாசியோ. நீ என்கிட்ட வாங்கின சத்தியத்துக்காக அவ தோட்டம் போகணுமா?" என்று பினின் எழுந்து வந்தார்.

"அன்னிக்கு உன் திராட்சையை வண்டியோட இழுத்துக்கிட்டு வீடு வீடா அலைஞ்சேன்மா. எங்கயும் புளிக்க வைக்கிற தொட்டி காலியில்ல. கடைசியா இங்க வந்தா, இருக்கறதே ஒரு தொட்டி. இவரோட மொத்த விளைச்சலும் அதுல பாதிக்குக் கிடக்குது. ஓடை தாண்டின திராட்சை ஒரு கூடை விழுந்தாலும் பரோலோங்கற பேர் போயிடும்யான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

தெல்ஃபினா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"'பேர் அடுத்த வருஷம் வரும். அந்தப் பொண்ணோட திராட்சை சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கொட்டு'ன்னாரு."